தொண்ணூற்று மூன்றும் எட்டு நுண்ணறிவும்: கல்வியியல் ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் இடைநிலை ஆசிரியையாக வேலை பார்த்து 2023-இல் ஓய்வு பெற்றவள். அதில் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும்தான். உங்களில் யாரையும் எனக்கு நேரில் பழக்கமில்லை. ஆனால் உங்கள் மாணவர்களை நன்றாகத் தெரியும். பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு மாதமோ மூன்று மாதமோ இருக்கும் நேரத்தில், கையில் ஒரு கட்டுப் படிவத்தோடு பள்ளி வாசலில் வந்து நிற்பார்கள். பாவமாக இருக்கும். தண்ணீர் கொடுத்து உட்கார வைப்போம்.

ஆய்வுத் தலைப்பு வருடா வருடம் மாறும். ஒரு வருடம் மனவெழுச்சி நுண்ணறிவு, ஒரு வருடம் பணி நிறைவு, ஒரு வருடம் மன அழுத்தம். அடிக்கடி திரும்பி வந்த ஒன்று, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் பன்முக நுண்ணறிவுக்கும் அவர்களுடைய பணித்திறனுக்கும் உள்ள தொடர்பு. (அறிவு ஒன்றல்ல, மொழி, கணிதம், இசை என்று எட்டு வகை என்பது அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னரின் கோட்பாடு. அதுதான் பன்முக நுண்ணறிவு.) அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். தலைப்பின் மேல் எனக்குக் கோபமில்லை. சொல்லப்போனால் நல்ல தலைப்பு. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆளுக்கு எந்த மாதிரி அறிவு வேண்டும் என்பது யாராவது உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்விதான். அதற்கு நீங்கள் விடை தேடுகிற இடம்தான் தப்பு என்கிறேன்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். 2012 ஜனவரி. மாலை மூன்றரை மணி இருக்கும். எம்.எட். படிக்கிற பெண் ஒருத்தி டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். திரும்பிப் போக நாலு பத்துக்குப் பஸ், அதை விட்டால் ஆறு மணிக்குத்தான். "மேடம், பத்தே நிமிஷம்தான் ஆகும்" என்று ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்தாள். முதல் பாதியில் நுண்ணறிவைப் பற்றி எண்பது வாக்கியம், இரண்டாம் பாதியில் பணித்திறனைப் பற்றி ஐம்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டம்: முழுமையாக ஒத்துக்கொள்கிறேன் என்பதில் தொடங்கி முழுமையாக மறுக்கிறேன் என்பது வரை. நூற்று முப்பது வாக்கியம், பத்து நிமிஷம்.

அப்போது எங்கள் பள்ளியில் மூன்று பேர். தலைமையாசிரியர், என்னைவிட இளைய ஒரு டீச்சர், நான். எண்பது பிள்ளைகள், ஐந்து வகுப்பு. டீச்சர் பேனாவை எடுத்து முதல் கட்டத்திலேயே மேலிருந்து கீழாக டிக் அடித்துக்கொண்டே போனார். ஏழு நிமிஷத்தில் முடித்துவிட்டார். தலைமையாசிரியர் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தரம் படித்தார். "எனக்கு இசையில் நாட்டம் உண்டு" என்பதற்குக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மறுக்கிறேன் என்று போட்டார். "என் வகுப்பில் எல்லாக் குழந்தைகளும் ஈடுபாட்டுடன் கற்கிறார்கள்" என்பதற்கு என்னைப் பார்த்து, "எல்லாருமாம்மா?" என்று கேட்டுவிட்டு, கருத்தில்லை என்கிற நடுக்கட்டத்தில் டிக் அடித்தார்.

நான் பாதியில் இருக்கும்போது ஒன்றாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்று வந்து என் முழங்கையை இடித்தது. உள்ளங்கையை விரித்துக் காட்டியது. விழுந்த பால் பல், கொஞ்சம் ரத்தம். முகத்தில் பயமும் பெருமையும் சரிபாதி. "இரு கண்ணு, இந்தப் பக்கத்த முடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்தைப் படித்தேன். "பிறருடைய உணர்வுகளை என்னால் எளிதில் புரிந்துகொள்ள முடியும்." முழுமையாக ஒத்துக்கொள்கிறேன் என்று போட்டேன். அந்த டிக் இன்றைக்கும் எங்கேயோ ஓர் அட்டவணைக்குள் இருக்கிறது.

ஊரைச் சொல்வதற்கு முன்னால் என்னையும் சொல்லிவிடுகிறேன். நானும் அதே மாதிரிப் படிவக் கட்டோடு பள்ளி பள்ளியாக ஏறி இறங்கியவள்தான். கூடுதல் படிப்புக்கு அரசு அப்போது ஊக்க ஊதிய உயர்வு கொடுத்துக்கொண்டிருந்தது, 2020-இல் நிறுத்தினார்கள். அதற்காகத்தான் தொலைநிலைக் கல்வியில் எம்.எட். சேர்ந்தேன், மறைப்பானேன். கணிப்பொறி மையத்தில் ஒருவர் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு அட்டவணைகள் போட்டுக் கொடுத்தார். ஆண் ஆசிரியருக்கும் பெண் ஆசிரியருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. திருமணம் ஆனவருக்கும் ஆகாதவருக்கும் கூட இல்லை. கறுப்பு ரெக்சின் அட்டை, பொன்னெழுத்து. அட்டை போட்டு வந்த அன்றைக்குப் பிறகு நான் அதைத் திறந்து படித்ததில்லை. அதனால் என் ஒன்றாம் வகுப்பில் ஒரு குழந்தைக்காவது ஓர் எழுத்து சுலபமாகியிருக்குமா என்று கேட்டால், இல்லை.

சரி, அந்த 2012 படிவங்களுக்கு வருகிறேன். எங்கள் மூன்று பேரில் இரண்டு பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டீச்சருக்கு நுண்ணறிவிலும் முழு மதிப்பெண், பணித்திறனிலும் முழு மதிப்பெண். தலைமையாசிரியருக்கு இரண்டிலும் குறைச்சல். இந்த மாதிரி முன்னூறு படிவத்தைக் கூட்டிப் பெருக்கினால் என்ன வரும்? ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று காட்டுகிற எண், நேர்மறையாக வரும். நுண்ணறிவு கூடினால் பணித்திறன் கூடுகிறது என்று முடிவுகளைச் சொல்கிற ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதலாம். ஆனால் அங்கே அளக்கப்பட்டது என்ன? தன்னைப் பற்றி நல்லதாகச் சொல்லிக்கொள்ளத் தயங்காதவர் முதல் பாதியிலும் தயங்கவில்லை, இரண்டாம் பாதியிலும் தயங்கவில்லை. கூச்சப்படுகிறவர் இரண்டிலும் கூச்சப்பட்டார். ஒரே ஆள், ஒரே பேனா, ஒரே மாலை நேரம். ஒருவருடைய கூச்சத்துக்கும் அதே கூச்சத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிக்க முன்னூறு பேரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்குத் தலைமையாசிரியரையே மதிப்பெண் போடச் சொன்ன ஆய்வுகளும் வந்தன. மறுநாள் அதே அறையில் அதே டீச்சரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டிய மனிதர் என்ன போடுவார்? எல்லாருக்கும் நாலு, பெரிய மனசு இருந்தால் ஐந்து.

இப்போது அந்தத் தலைமையாசிரியரைப் பற்றி. படிவத்தில் அவர் எப்படி இருந்தார் என்று பார்த்தீர்கள், வகுப்பில் எப்படி இருந்தார் என்பதையும் பாருங்கள். மெல்லிய குரல். பாட வராது. அபிநயம் என்றால் வெட்கம். மூன்றாம் வரிசைக்கு அவர் பேசுவது கேட்காது. இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். சொல்வதெழுதுதலில் "தொண்ணூற்று மூன்று" என்றால் 903 என்று எழுதுவான். நான் சிவப்பு மையில் சுழித்து, 93 என்று பத்து தரம் எழுத வைப்பேன். மறுநாள் மறுபடி 903. எனக்கு எரிச்சல் வந்தது. பையன் மந்தம் என்று கூட நினைத்திருக்கிறேன். ஒரு நாள் தலைமையாசிரியர் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். அதற்கு முந்தைய வரியில் எண்பத்து மூன்றை 83 என்று அவன் சரியாக எழுதியிருந்ததைக் காட்டினார். "அவன் தப்பா எழுதலம்மா. நாம சொல்றத அப்படியே எழுதறான்" என்றார்.

நினைத்துப் பாருங்கள். இருபது, முப்பது என்று எண்பது வரைக்கும் 'பது' என்றோ அதை ஒட்டியோ வருகிறது. அடுத்தது ஒன்பது பத்து. அதற்குத் தமிழில் தொண்ணூறு. காதில் விழுவது நூறு. ஒன்பது நூறுக்கோ தொள்ளாயிரம், அதில் கேட்பது ஆயிரம். எண்ணூறு என்பது 800. அதே ஓசையில் தொண்ணூறு 90. ஒன்பதை எடுத்தால், பத்துகளின் வாலான 'பது' அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்பதுக்குத் 'தொண்டு' என்று தொல்காப்பியத்தில் ஒரு சொல் உண்டு, தொண்ணூற்றில் தலைகாட்டுவது அதுதான் என்பதெல்லாம் எனக்குப் பட்டப் படிப்பில் படித்து மறந்த சங்கதி. அந்தச் சங்கதி ஏழு வயதுப் பையனின் கணக்கு நோட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் அடுத்த நாள் ஒரு பழைய துடைப்பத்தை அவிழ்த்து ஈர்க்குச்சிகளை ஒடித்துக் கொண்டுவந்தார். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போடச் சொன்னார். ஒன்பது கட்டு, மூன்று உதிரி. "எத்தனை பத்து?" "ஒன்பது பத்து." "உதிரி?" "மூணு." ஒரு வாரம் முழுக்க அந்த எண்ணை ஒன்பது பத்து மூன்று என்றே சொல்ல விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை, "இதுக்குப் பெரியவங்க ஒரு வேடிக்கைப் பேர் வச்சிருக்காங்கடா" என்று தொண்ணூற்று மூன்றை அறிமுகப்படுத்தினார். பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் 903 வந்ததாக எனக்கு நினைவில்லை. சீன மொழியில் 93-க்குப் பெயரே ஒன்பது பத்து மூன்று என்றுதான் என்பதை நான் பல வருடம் கழித்துப் படித்தேன். அவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இதை எந்த நுண்ணறிவில் சேர்ப்பீர்கள்? காது கொடுத்துச் சொல்லைக் கேட்டதால் மொழியா? இடமதிப்பு என்பதால் கணிதமா? பையன் எப்படி யோசிக்கிறான் என்று பிடித்ததால் பிறரை அறிகிற அறிவா? குச்சியும் ரப்பர் பேண்டும் கைவேலையா? எட்டுப் பானையில் எந்தப் பானையில் போட்டாலும் பாதி வெளியே நிற்கிறது. நூற்று முப்பது வாக்கியத்தில் ஒன்றுகூட இதன் பக்கத்தில் வரவில்லை.

ஹோவர்ட் கார்ட்னரைப் படித்துவிட்டு இதைக் கேட்கிறேன். 1983-இல் அவர் முதலில் சொன்னது ஏழு: மொழி, தருக்கமும் கணிதமும், இசை, உடல் இயக்கம், இடம்சார் அறிவு, பிறரை அறிதல், தன்னை அறிதல். இயற்கை அறிவு பிறகு சேர்ந்தது. (தமிழில் இதற்கு நாலு புத்தகத்தில் நாலு பெயர். பன்முக நுண்ணறிவு, பல்வகை நுண்ணறிவு, பன்மை நுண்ணறிவு, இன்னொன்று மறந்துவிட்டது. ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதுகிறவர்கள்தான் பாவம்.) ஆனால் கார்ட்னரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1980-களில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைப் பார்க்கப் போனபோது படிவம் எதுவும் கொடுக்கவில்லை. ப்ராஜெக்ட் ஸ்பெக்ட்ரம் என்று அந்த முயற்சிக்குப் பெயர். உணவு அரைக்கிற கைமிஷின் ஒன்றைக் கொடுத்துக் கழற்றி மாட்டச் சொன்னார்கள். ஓசையைப் பிரித்தறிய மணிகள் வைத்தார்கள். அந்த வகுப்பறையையே சின்ன மாதிரியாகச் செய்து, வகுப்புப் பிள்ளைகளின் உருவங்களை அதில் வைத்து, யார் யாரோடு எங்கே விளையாடுவார்கள் என்று குழந்தையை வைக்கச் சொன்னார்கள். எதைப் பார்க்க வேண்டுமோ அதையே செய்யச் சொல்லிப் பார்ப்பது. எழுத்து வழியாகவே எல்லாவற்றையும் அளந்தால் கடைசியில் மொழித்திறன் மட்டும்தான் தெரியும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன குறை. நாலு வயதுக் குழந்தைக்கு அவர்கள் காட்டிய அந்த மரியாதை நாற்பது வயது ஆசிரியருக்கு நம் ஊரில் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் உங்கள் மாணவர்கள், முந்தைய ஆய்வுகளைச் சொல்கிற இரண்டாம் அத்தியாயத்தில் எழுதுவதில்லை. இந்தக் கோட்பாட்டை உளவியல்காரர்கள் பலர் ஏற்கவில்லை. இந்த அறிவுகள் ஒன்றுக்கொன்று தனித்தனி என்பதற்குச் சோதனைச் சான்று போதாது, அளந்து பார்த்தால் பல திறன்கள் ஒன்றோடொன்று சேர்ந்தேதான் ஏறி இறங்குகின்றன என்பது அவர்கள் வாதம். லின் வாட்டர்ஹவுஸ் 2006-இல் எழுதிய விமர்சனம் பரவலாகப் பேசப்பட்டது. இது, ஒருவர் பார்த்துக் கற்பார் ஒருவர் கேட்டுக் கற்பார் என்கிற கற்றல் பாணிப் பேச்சோடு ஒன்றல்ல, குழப்பாதீர்கள் என்று கார்ட்னரே சொல்லியிருக்கிறார். நம் பயிற்சிகளில் இரண்டையும் ஒரே தட்டில் கலந்துதான் பரிமாறுகிறார்கள். விவாதத்தில் இருக்கிற ஒன்றை முடிந்த உண்மை மாதிரி எடுத்துக்கொண்டு, அதைப் படிவமாக்கி, அந்தப் படிவத்தால் ஆசிரியரை அளப்பது மணல்மேட்டில் மாடி கட்டுகிற வேலை.

அப்படியானால் இதெல்லாம் குப்பையா என்றால், அதுவும் இல்லை. ஆளுக்கு ஆள் கைவாகு வேறு என்பதை எந்தத் தொடக்கப் பள்ளியிலும் கண்ணால் பார்க்கலாம். அது பணித்திறனாக மாறுவது ஆளை மட்டும் பொறுத்ததில்லை என்பதையும் பார்க்கலாம். இதை நான் மூன்று காலங்களில் பார்த்தேன்.

2007 வரைக்கும் எங்கள் வட்டாரத்தில் நல்ல ஆசிரியர் என்றால் கணீர்க் குரல், கரும்பலகையில் அழகு எழுத்து, பிரம்பு. எங்கள் தலைமையாசிரியரை யாரும் கண்டுகொண்டதில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்தது. கற்க வேண்டியதை வரிசையாகக் காட்டுகிற ஏணிப்படி, அட்டைகள், பிள்ளைகள் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார வேண்டும். ஒரு குழு ஆசிரியர் துணையோடு, ஒரு குழு சக மாணவர் துணையோடு, ஒரு குழு தானே என்று ஒரே நேரத்தில் ஆறு விதமாக நடக்கும். கணீர்க் குரல்காரர்கள் திணறிப் போனார்கள். எங்கள் தலைமையாசிரியர் பாயில் உட்கார்ந்து, ஒவ்வொரு குழந்தையாகப் பக்கத்தில் கூப்பிட்டு, மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார். மற்ற பள்ளிகளிலிருந்து அவருடைய வகுப்பைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அவருக்கு ஒரே ராத்திரியில் நுண்ணறிவு கூடிவிடவில்லை. முறை மாறி அவர் பக்கம் வந்தது.

பிறகு பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தது. அறுபது வரைக்கும் இரண்டு ஆசிரியர் என்பது சட்டக் கணக்கு. பணி நிரவலில் இளைய டீச்சர் வேறு பள்ளிக்குப் போனார். அவர் அருமையாகப் பாடுவார் என்று சொல்லவில்லையே. பாட்டு என்றால் அப்படியொரு பாட்டு, வேலிக்கு வெளியே ஆடு மேய்க்கிறவர் நின்று கேட்பார். ஆனால் செயல்வழிக் கற்றல் காலத்தில் அவருடைய பாட்டுக்குப் பெரிய இடமில்லை. 2022 ஜூனில், சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்க அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பாட்டு, கதை, பொம்மலாட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி. டீச்சர் அங்கே கொடிகட்டிப் பறந்தார். வட்டார வள மையத்தில் மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டார்கள்.

பாட்டைப் பற்றிச் சொன்னதால் அதன் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்களோடு இருந்த காலத்தில் அவருடைய ஒன்றாம் வகுப்பில் ஒரு அதிகாரி ஒரு குழந்தையைப் படிக்கச் சொன்னார். குழந்தை பாடப் பகுதியை ராகத்தோடு தங்கு தடையில்லாமல் ஒப்பித்தது. அதிகாரிக்கு மகிழ்ச்சி, "வெரி குட்" எழுதிவிட்டுப் போனார். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். குழந்தையின் விரல் இரண்டு வரி கீழே ஓடிக்கொண்டிருந்தது. எழுத்தை அது பார்க்கவே இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் டீச்சரிடம் சொன்னேன். வருத்தப்படவில்லை. அடுத்த வாரம் பாட்டின் சொற்களைத் தனித்தனி அட்டையில் எழுதி, கலைத்துப் போட்டு, பாடிக்கொண்டே அடுக்கச் சொன்னார். அவருடைய பாட்டு பணித்திறனாக மாறியது அந்த அட்டையில்தான். பாடத் தெரியுமா என்று கேட்கிற படிவத்துக்கு அந்த அட்டை தெரியாது.

நல்ல ஆய்வுக்கு ஓர் உதாரணம் கேட்டால் சொல்கிறேன். அமெரிக்காவில் லீ ஷுல்மன் என்கிற கல்வியியலாளர் 1986-இல் ஒரு கேள்வியைப் போட்டார். பாடம் தெரிவது ஒன்று, கற்பிக்கும் முறை தெரிவது ஒன்று. அந்தப் பாடத்தைக் கற்பிப்பதற்கென்றே தனியாக ஓர் அறிவு இருக்கிறதே, அதை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்றார். அதைத் தொடர்ந்து ஹெதர் ஹில், பிரையன் ரோவன், டெபோரா பால் மூவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் ஆசிரியர்களிடம் வித்தியாசமான கணக்குக் கேள்விகள் கேட்கப்பட்டன. குழந்தை புதிதாக ஒரு வழியில் கணக்குப் போட்டால் அது எல்லா எண்ணுக்கும் பொருந்துமா என்று பார்க்கிற மாதிரியான, வகுப்பறைக்கே உரிய கேள்விகள். அதில் நன்றாகச் செய்த ஆசிரியர்களிடம் படித்த முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். அங்கே ஆசிரியர் தன்னைப் பற்றிச் சொன்னதை நம்பவில்லை. அவருக்குத் தெரிந்ததை ஒரு பக்கம் பார்த்தார்கள், குழந்தை கற்றதை இன்னொரு பக்கம் பார்த்தார்கள். எங்கள் தலைமையாசிரியருடைய துடைப்பக் குச்சி அந்த ஆய்வில் சிக்கியிருக்கும்.

நம் ஊரில் இதைச் செய்யச் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. கணக்கில் 903 மாதிரி. நூற்று இருபத்தைந்தை 10025 என்று எழுதுகிற பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் இருப்பார்கள். எழுத்தில் ஒற்றைக் கொம்பு: 'கெ' என்றால் உச்சரிப்பில் 'க்' முன்னால் வருகிறது, எழுதும்போது கொம்பு முன்னால் போய் நிற்கிறது. குழந்தை கேட்டபடி எழுதினால் கொம்பு பின்னால்தான் போகும். அதைத் திட்டாமல் புரியவைக்க ஒவ்வொரு டீச்சரும் ஒரு கதை வைத்திருப்பார். என்னுடைய கதையில் கொம்பு, வீட்டுக்கு வெளியே கட்டின மாடு. இப்படிப் பிள்ளைகள் செய்கிற தப்புகளையும் அதற்கு ஆசிரியர்கள் கண்டுபிடித்த வழிகளையும் யாராவது தொகுத்துத் தந்திருந்தால் நான் அந்தப் பையனைப் பத்து தரம் எழுத வைத்திருக்க மாட்டேன். என் 31 வருடத்தில் அப்படியொரு தொகுப்பு என் கைக்கு வந்ததில்லை. உங்கள் கல்லூரியில் ஒரு வருடத்தில் இருபது பேர் எம்.எட். முடிக்கிறார்கள் என்றால், ஆளுக்கு ஐம்பது தப்பு சேகரித்தால்கூட ஆயிரம்.

அப்புறம் அந்தப் படிவத்தின் முதல் பக்கம். பால், வயது, அனுபவம், கிராமமா நகரமா, அரசுப் பள்ளியா உதவிபெறும் பள்ளியா, மணமானவரா. எல்லாம் கேட்டார்கள். ஒரே அறையில் ஒரே நேரத்தில் எத்தனை வகுப்பு வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. முப்பதுக்கு ஒருவர் என்பது காகிதத்தில் அழகான விகிதம். ஈராசிரியர் பள்ளியில் அது இரண்டு பேருக்கு ஐந்து வகுப்பு. அதில் ஒருவர் கூட்டத்துக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போனால் ஒருவருக்கு ஐந்து வகுப்பு. அன்றைக்கு அந்த ஒருவருக்குக் கார்ட்னர் சொன்ன எட்டும் இருந்தாலும், ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கைப் போட்டுவிட்டு ஒன்றாம் வகுப்பின் மூக்கைச் சிந்திவிடத்தான் நேரம் இருக்கும். வருகைப் பதிவை செல்பேசியில் ஏற்றுவதற்கு நெட்வொர்க் தேடி வேப்பமரத்தடிக்குப் போகிற நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பணித்திறனுக்குக் காரணம் தேடுகிற ஆய்வில் இந்த ஒரு கேள்வி இல்லையென்றால் மற்ற நூற்று முப்பதும் எதற்கு?

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. பணியில் இருக்கிற ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு வருட அவகாசம் என்றது. தீர்ப்பின் நியாயத்தைப் பேச எனக்கு இங்கே இடமில்லை. போன மாதம் அந்தப் பாட்டு டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தேன். சமையல் மேடைக்கு மேல் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கார்ட்னர், 1983, ஏழு, பிறகு எட்டு. கொத்தமல்லி நறுக்கிக்கொண்டே ஒப்பித்தார். "எட்டும் சொல்லிட்டேன் பாருங்கக்கா, எதுவும் விடலயே?" என்றார். ராகம் போட்டுத்தான் மனப்பாடம் செய்திருந்தார். அந்தக் குழந்தையின் விரல் எனக்கு நினைவுக்கு வந்தது, சொல்லவில்லை.

நாளைக்கே துறையில் யாராவது உங்கள் ஆய்வு முடிவுகளைப் படித்துவிட்டு, நுண்ணறிவுப் படிவத்தையும் ஆசிரியர் மதிப்பீட்டில் சேர்க்கலாம் என்று யோசனை சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் என் பயம். தன்னைப் பற்றிக் கூச்சத்தோடு டிக் அடிக்கிறவர் அங்கே தோற்பார். அதற்கு மேற்கோள் காட்ட உங்கள் நூலகத்தில் ரெக்சின் அட்டை போட்டு ஆதாரம் அடுக்கி வைத்திருக்கிறது. என்னுடையதும் அதில் ஒன்று.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மாணவரிடம் முன்னூறு படிவம் கேட்காதீர்கள். ஐந்து ஆசிரியர் போதும். ஒவ்வொருவர் வகுப்பிலும் ஒரு முழு வாரம், காலை உணவு பரிமாறுவதில் தொடங்கி மாலை மணி அடிக்கிற வரை உட்காரச் சொல்லுங்கள். ஆசிரியர் என்ன செய்தார், எந்தக் குழந்தைக்காகச் செய்தார், குழந்தை அடுத்து என்ன செய்தது என்று எழுதி வரச் சொல்லுங்கள். எழுதியதை அந்த ஆசிரியரிடமே படித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் பள்ளிக்கு வந்த ஆய்வுகளில் ஒன்றின் முடிவுகூட எங்களுக்குத் திரும்பி வந்ததில்லை. அட்டவணை குறையும் என்று கவலைப்படுவீர்கள். வாய்மொழித் தேர்வுக்கு வருகிறவர் ஒப்புக்கொள்ள வேண்டுமே என்பீர்கள். வருகிறவரும் உங்களில் ஒருவர்தானே.

பள்ளி வேண்டுமென்றால் நான் பேசி வைக்கிறேன். ஜூன் முதல் வாரத்தில் அனுப்புங்கள், ஒன்றாம் வகுப்பில் அழுகை இன்னும் ஓயாத வாரம். பஸ் நாலு பத்துக்குத்தான், இன்னும் மாறவில்லை. ஆறு மணி பஸ்ஸுக்குத் தயாராக வரச் சொல்லுங்கள். தரையில் பாய் உண்டு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியை ஒருவர்,
திருவண்ணாமலை மாவட்டம்